நெற்றிக்கண்ணும் ஒரு பழைய கேசட்டும்

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற தமிழாசிரியர் பயிற்சியின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் அமர்வு பேசுகிறவருக்கும் சோதனை, கேட்கிறவருக்கும் சோதனை. கடைசி வரிசையில் இரண்டு பேர் ஏற்கெனவே கண்ணை மூடிக் கொண்டு ஆழ்ந்து சிந்திக்கிறார்கள். அவர்களை எழுப்ப வேண்டாம். நானும் அந்த வரிசையில் உட்கார்ந்து பழகியவன்தான்.

நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு நேரே 'கருத்தாளர்' என்று போட்டிருக்கிறார்கள். தலைப்பு 'வகுப்பறையில் குறும்படம்'. திரைப்படம் எடுப்பதில் எனக்கு இருக்கும் மொத்த அனுபவம் இரண்டு படம். ஒன்று பதினான்கு நிமிடம் ஓடும், மற்றொன்று ஆறு நிமிடம். இரண்டுக்கும் நடுவில் ஏறத்தாழ இருபது ஆண்டு. இரண்டுமே ஒரே காட்சியைக் கேலி செய்து எடுத்தவை. முதல் படத்தில் வசனம் எழுதியவன் நான். இரண்டாவது படத்தில் கேலிக்கு ஆளானவனும் நான்தான். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அந்தக் காட்சி எது என்று சொன்னாலே உங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். ஏ.பி.நாகராஜன் இயக்கி 1965இல் வந்த 'திருவிளையாடல்'. அதில் தருமி வரும் பகுதி. தருமியாக நாகேஷ், சிவபெருமானாகச் சிவாஜி, பாண்டியனாக முத்துராமன், நக்கீரராக இயக்குநர் நாகராஜனே. நம் மாணவர்களின் தாத்தா பாட்டிகள் கொட்டகையில் பார்த்தது, இன்று கைப்பேசியில் துண்டு துண்டாக ஓடுகிறது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் நாகேஷ் போலவே தோளைக் குறுக்கிக்கொண்டு நடந்து காட்டுகிறான்.

மூலக்கதை நமக்குத் தெரியும். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 'தருமிக்குப் பொற்கிழி அளித்த படலம்'. பெண்ணின் கூந்தலுக்கு மணம் இயற்கையா, செயற்கையா என்று பாண்டியனுக்கு ஐயம். தீர்ப்பவருக்குப் பொற்கிழி. ஏழைத் தருமிக்கு இறைவன் ஒரு பாட்டை எழுதிக் கொடுக்கிறார். நக்கீரர் அதில் குற்றம் காண்கிறார். இறைவன் எழுதியதாகச் சொல்லப்படும் அந்தப் பாட்டு, இறையனார் பெயரில் குறுந்தொகையில் இரண்டாம் பாடலாக நிற்கிறது. ஒரு சங்கப் பாடல், அதைச் சுற்றி ஒரு புராணம், அதிலிருந்து ஒரு திரைப்படம். அந்தப் படத்தின் முதுகில் ஏறி உட்கார்ந்தது எங்கள் கேலிப்படம்.

2003ஆம் ஆண்டு மதுரையில் பி.எட். படித்துக் கொண்டிருந்தேன். அப்போது பி.எட். ஓராண்டுப் படிப்பு. அந்த ஓராண்டில் பாதி நாள் கற்பித்தல் பயிற்சி, மீதி நாள் ரெக்கார்டு எழுதுவது. ரெக்கார்டு என்றால் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முந்தைய ஆண்டு அண்ணன்கள் எழுதியதைப் பார்த்து நாங்கள் எழுதுவோம். அவர்களும் அவர்களுக்கு முந்தைய அண்ணன்களைப் பார்த்து எழுதியவர்கள்தான். மூல ஆசிரியர் யார் என்று தெரியாத வாய்மொழி இலக்கியம் போல அது தலைமுறை தலைமுறையாக வந்து கொண்டிருந்தது. விடுதியில் நாங்கள் ஆறு பேர் ஒரு கூட்டு. ஒருநாள் இரவு ரெக்கார்டு எழுதிக் கை வலித்துப் படுத்திருந்தபோது ஒருவன் சொன்னான்: "மாப்ள, நாமதான்டா தருமி. பாட்டு எழுதிக் குடுக்குற சீனியர்தான் சிவபெருமான். வைவா எடுக்க வர்றாரு பாரு, அவருதான் நக்கீரரு."

அவ்வளவுதான். படம் அந்த நொடியிலேயே பிறந்துவிட்டது. மறுநாளே நான் வசனம் எழுத உட்கார்ந்தேன். எங்கள் பாண்டியனுக்கு வந்த ஐயம் இது: வகுப்பில் மாணவனுக்கு வரும் கொட்டாவி இயற்கையா, ஆசிரியரால் உண்டாவதா? தீர்த்து வைப்பவருக்குப் பரிசு ஆயிரம் பொன் இல்லை. ஓராண்டு மெஸ் பில் தள்ளுபடி.

படம் எடுக்கக் கேமரா வேண்டுமே. எங்களில் ஒருவனுடைய அண்ணன் ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாண வீடியோ எடுக்கும் பெரிய வி.எச்.எஸ். கேமரா, தோளில் தூக்கி வைத்துக்கொள்ளும் வகை. முகூர்த்த நாளில் அதைத் தொடக்கூட முடியாது. ஆனால் மார்கழி வந்தால் கல்யாணம் இல்லை, கேமரா சும்மா கிடக்கும். அதனால் எங்கள் படம் முழுக்க மார்கழிப் படம். விடியற்காலை எடுத்த காட்சிகளில் நக்கீரர் பேசும்போதெல்லாம் பின்னணியில் கோயில் ஒலிபெருக்கி கேட்கும். அதுவும் பொருத்தமாகத்தான் இருந்தது.

புது கேசட் வாங்கக் காசில்லை. அண்ணன் ஒரு பழைய கேசட்டைக் கொடுத்தார். யாரோ ஒரு வீட்டு விசேஷம், அதன் நல்ல பிரதியை அவர்களுக்குக் கொடுத்தாகிவிட்டது, இது மிச்சம். அதன்மேல் பதிவு செய்தோம். எங்கள் படம் முடிந்து 'வணக்கம்' போட்ட அடுத்த நொடி, வாழை இலையில் ஒரு பெரியவர் ரசம் ஊற்றிப் பிசைந்து கொண்டிருப்பார். படம் பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பெரியவர்தான் பிடித்திருந்தது.

சாமான்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிவனின் கழுத்துப் பாம்பு, சைக்கிள் டியூப். சடைமுடி, தேங்காய் நார். நக்கீரரின் தாடி, மருந்துக்கடைப் பஞ்சை மைதாப் பசையில் ஒட்டியது. வெயில் ஏற ஏறப் பசை காய்ந்து அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. 'குற்றம்' என்று சொல்லும்போது முகமே விரிசல் விட்டது. பொற்கிழிக்குள் புளியங்கொட்டை. அரியணைக்கு விடுதிக் காப்பாளரின் நாற்காலி, அவருக்குத் தெரியாமல். நெற்றிக்கண்ணுக்கு மூன்று பேட்டரி டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள்.

நக்கீரரை எரிப்பதுதான் கடினமாக இருந்தது. நோட்டுகளை அடுக்கி அதன்மேல் கேமராவை ஆடாமல் வைத்தோம். நக்கீரரை நிற்கவைத்து எடுத்தோம், நிறுத்தினோம். அவரை நகரச் சொல்லிவிட்டு, அதே இடத்தில் மெஸ் கரண்டியில் சாம்பிராணிப் புகை போட்டு மறுபடி ஓட விட்டோம். திரையில் பார்த்தால் மனிதன் மறைந்து புகை நிற்கிறது! ஆறு பேரும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பிரான்சில் ழார்ஜ் மெலியே என்பவர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இந்த வித்தையைச் செய்துவிட்டார் என்று பின்னால்தான் படித்தேன். அன்றைக்கு அதை உலகத்திலேயே முதலில் கண்டுபிடித்தவர்கள் நாங்கள்தான்.

நம்மைப்போல் ஏழைச் சாமான்களோடு படம் எடுத்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. அமெரிக்காவில் 'ஸ்டார் வார்ஸ்' வந்த மறு ஆண்டு, 1978இல், எர்னி ஃபோசிலியஸ் என்பவர் அதைக் கேலி செய்து பதின்மூன்று நிமிடப் படம் ஒன்று எடுத்தார். பெயர் 'ஹார்ட்வேர் வார்ஸ்'. விண்கலத்துக்குப் பதில் இஸ்திரிப் பெட்டி பறக்கும், ரொட்டி சுடும் டோஸ்டர் அதைத் துரத்தும். அங்கேயே மிசிசிப்பி மாநிலத்தில் மூன்று சிறுவர்கள் 'ரைடர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' படத்தைக் காட்சிக்குக் காட்சி அப்படியே மறுபடி எடுக்கத் தொடங்கினார்கள். 1982இல் தொடங்கி 1989 வரை, கோடை விடுமுறை கோடை விடுமுறையாக. படத்தின் நடுவிலேயே நாயகனுக்குக் குரல் உடைந்துவிடும். அவர்கள் மூலப்படத்தைக் கேலி செய்யவில்லை, அப்படியே வணங்கினார்கள். வணங்குவதற்கும் கேலி செய்வதற்கும் ஒரு விஷயம் பொதுவாக இருக்கிறது. இரண்டுக்கும் மூலம் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். அரைகுறையாகத் தெரிந்தவனால் கேலி செய்ய முடியாது. தருமி எந்த இடத்தில் மூச்சு விடுகிறான், எந்தக் கேள்வியில் தடுமாறுகிறான் என்றெல்லாம் அந்த மார்கழியில் நாங்கள் எழுதி வைத்தோம். ஒரு செய்யுளை அப்படி நுணுகிப் படித்திருந்தால் எங்களுக்குத் தங்கப் பதக்கமே கிடைத்திருக்கும்.

படத்தொகுப்பு என்பது எங்களுக்கு இல்லை. எடுக்கும் வரிசையிலேயே படம். முதல் காட்சியை முதலில் எடுக்க வேண்டும், அதன் வாலில் இரண்டாவது, அதன் வாலில் மூன்றாவது. தவறினால் சுற்றிப் பின்னுக்குப் போய் அந்த இடத்திலிருந்து மறுபடி. ஒவ்வொரு முறையும் முந்தைய காட்சியின் கடைசி நொடி கொஞ்சம் கடிபட்டுப் போகும். இசைக்கு டேப் ரிக்கார்டரைக் கேமராவுக்குப் பின்னால் வைத்து ஓட விடுவோம். இதையெல்லாம் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: எடுத்ததை எடுத்ததுதான், நடுவில் வெட்ட முடியாது.

தருமியாக நடித்தவனைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. பெயர் வேண்டாம், தருமி என்றே சொல்கிறேன். எங்கள் ஆறு பேரில் அவன்தான் உண்மையான நடிகன். ஒல்லி. சட்டையின் காலர் திருப்பித் தைத்தது. மெஸ் பாக்கி மூன்று மாதம் நின்றிருந்தது, அறிவிப்புப் பலகையில் அவன் பெயருக்கு எதிரே தொகை எழுதியிருக்கும். அவன் அப்பா மாதம் ஒரு இன்லண்ட் கடிதம் எழுதுவார். ஒருமுறை அதை என்னிடம் காட்டியிருக்கிறான். நான் அவனுக்கு நெருங்கியவன் என்பதால் காட்டினான்.

அதை நான் வசனமாக்கினேன். சிவன் கேட்பார்: "உனக்கென்று யாருமில்லையா?" தருமி சொல்வான்: "மாசம் பொறந்தா தபால்காரர் வருவாரு சாமி. எல்லாருக்கும் மணியார்டர் குடுப்பாரு. எனக்கு மட்டும் எங்கப்பா லெட்டரைக் குடுப்பாரு. பிரிச்சா, நலம், நலமறிய ஆவல். இந்த ஆவலைக் கொண்டு போய் மெஸ்ல குடுத்தா ஒரு கரண்டி சோறு போடுவாங்களா?" சொல்லிவிட்டுச் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டுவான். மொத்தம் இருபது நொடி. வசனத்தாளைப் படித்ததும் அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு, "நல்லாருக்குடா" என்றான். ஒரே டேக்கில் நடித்தான். படத்திலேயே சிறந்த இடம் அதுதான். இன்றும் அப்படித்தான் சொல்வேன், அதுதான் சங்கடம்.

பொங்கல் விடுமுறை முடிந்த ஞாயிற்றுக்கிழமை மாலை விடுதி உணவுக்கூடத்தில் போட்டுக் காட்டினோம். முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். விளக்கை அணைத்த பிறகுதான் பார்த்தேன், கடைசி பெஞ்சில் தருமியின் அப்பா. மகனோடு ஊரிலிருந்து வந்திருந்தார், பாக்கியைக் கட்ட. மடியில் மஞ்சள் பை, அதில் எங்களுக்கெல்லாம் முறுக்கு. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அந்த இருபது நொடி வந்தது. கூடமே அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் பக்கத்திலிருந்தவரைத் தட்டி, "நம்ம லெட்டரைத்தான் சொல்றான்" என்று சொல்லிச் சிரித்துக் கொண்டிருந்தார். படம் முடிந்ததும் காப்பாளர் அறைக்குப் போய்ப் பத்தும் இருபதுமாக நோட்டுகளை எண்ணிக் கொடுத்து, ரசீது கேட்டு வாங்கி, அதை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கடைசி பஸ்சுக்குப் போனார்.

அன்று இரவு மொட்டை மாடியில் தருமி என்னிடம் கேட்டான்: "அந்த லெட்டர் எடத்த மட்டும் எடுத்துர்றியா? காலேஜ் டேல போடப் போறாங்கல்ல."

நான் சொன்ன பதில்: "வெட்ட முடியாதுடா. நடுவுல கைவச்சா பின்னாடி உள்ளதெல்லாம் போயிரும்."

அது பொய். அந்த இடத்துக்குச் சுற்றிக் கொண்டு போய், லென்ஸ் மூடியை மாட்டி, பதிவுப் பொத்தானை இருபது நொடி அழுத்திப் பிடித்திருந்தால் போதும். திரை இருட்டாகியிருக்கும், ஒலியும் அழிந்திருக்கும், பிறகு ஒரு கோடு ஓடிப் படம் தொடர்ந்திருக்கும். அது எனக்குத் தெரியும். ஆனால் கைத்தட்டல் வாங்கிய இடத்தை அழிக்க மனம் வரவில்லை. கல்லூரி விழாவில் இருநூறு பேர் முன்னால் படம் ஓடியது. தருமிக்கு அன்று காய்ச்சல் என்று சொன்னார்கள். முதல்வர் கூப்பிட்டு வசனகர்த்தாவுக்குக் கை கொடுத்தார்.

அதன் பிறகும் நாங்கள் நண்பர்கள்தான். இப்போது அவன் வேறொரு மாவட்டத்தில் நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர். கல்யாணம் காது குத்து என்றால் பார்த்துக்கொள்வோம். அந்தப் படத்தைப் பற்றி மட்டும் ஒருமுறையும் பேசியதில்லை.

தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியலை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். எட்டு மெய்ப்பாட்டில் முதலில் நிற்பது நகை. அது பிறக்கும் இடம் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். தேர்வுக்கு ஐந்து மதிப்பெண் வினா. இதில் எள்ளலைப் பேராசிரியர் தம் உரையில் இரண்டாகப் பிரிக்கிறார். நாம் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறர் நம்மை எள்ளும்போது நாமே சிரிப்பது மற்றொன்று. பல ஆண்டுகள் இதை நடத்தியிருக்கிறேன். இரண்டாவது வகை எனக்குப் புரிந்தது சென்ற கல்வியாண்டில்தான்.

நம் பள்ளிகளில் 2022 முதல் மாதந்தோறும் சிறார் திரைப்படம் திரையிடுகிறோம். எங்கள் பள்ளியில் அப்படி ஒரு மதியம் படம் பார்த்துவிட்டு வந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், "ஐயா, நாமளும் ஒண்ணு எடுப்போம்" என்று பிடித்துக்கொண்டார்கள். என் கைப்பேசியில் எடுக்கலாம், பெற்றோர் சம்மதக் கையெழுத்து வேண்டும், பள்ளியைத் தாண்டி எந்தக் குழுவிலும் பகிரக் கூடாது என்று சொல்லி ஒப்புக்கொண்டேன். மதுரைக் கதையைச் சொன்னேன், தருமி கேட்டதை மட்டும் விட்டுவிட்டு. தருமி காட்சியையே எடுக்கிறோம் என்றார்கள். முதலில் மூலத்தைப் படியுங்கள் என்றேன். பதினைந்து நாள் அந்தப் படலத்தின் கதையையும் குறுந்தொகைப் பாடலின் பொருளையும் பேசினோம். தேர்வுக்கு வராத பாடலுக்கு அத்தனை கேள்வி கேட்டு நான் கண்டதில்லை. தும்பியிடம் போய் ஏன் கேட்கிறான், அது பொய் சொல்லாதா என்று ஒரு பிள்ளை கேட்டது. நானும் அதை யோசித்ததில்லை.

வசனத்தை அவர்களே எழுதினார்கள். என்னிடம் காட்டவில்லை. எடுக்கும் அன்றுதான் தெரியும் என்றார்கள்.

நக்கீரராக நடித்தது ஒரு மாணவி. மூக்கின் நுனிக்கு இறங்கிய கண்ணாடி. காதில் சிவப்புப் பேனா. உள்ளே வரும்போதே இடது கையால் வேட்டியைச் சரி செய்து கொள்வது போல ஒரு பாவனை. வகுப்பு சிரித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அது நக்கீரர் இல்லை, நான்! சிவபெருமான் பாட்டு சொல்கிறார். நக்கீரர் பொருளையே கேட்கவில்லை. "ழகரம் எங்கே?" என்கிறார். "எழுந்து நின்னு சொல்லு. பழம் சொல்லு, கிழவி சொல்லு, வாழைப்பழம் சொல்லு." சிவன் திணறுகிறார். அப்போது அந்தப் பிள்ளை என் குரலிலேயே கேட்டது: "என்னப்பா, உன் நாக்கு லீவ்ல இருக்கா?"

கைப்பேசியைப் பிடித்திருந்த என் கை ஆடியது. இப்போதும் அந்தக் காட்சியில் படம் லேசாக ஆடும்.

அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கிறேன். ஜூன் மாதம், பள்ளி திறந்த புதிதில், ழகரம் வராத ஒரு பையனிடம். வேடிக்கையாகத்தான் சொன்னேன், வகுப்பும் சிரித்தது, அவனும் சிரித்தான். அடுத்த வாரமே நான் மறந்துவிட்டேன். வகுப்பு மறக்கவில்லை. அந்தப் பையன் அதன் பிறகு வகுப்பில் வாய் திறந்து வாசிக்கவே இல்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை, கூச்ச சுபாவம் என்று எழுதி வைத்திருந்தேன். சிவபெருமானாக நடித்தது அவன்தான். யாரும் அவனைத் தேர்ந்தெடுக்கவில்லை, அவனே கேட்டு வாங்கிய வேடமாம்.

எடுத்து முடித்ததும் நக்கீரர் தயங்கித் தயங்கி வந்தாள். "ஐயா, அந்த லீவ் வசனத்த வெட்டிரவா? ஆண்டு விழால எச்.எம். அம்மா, பேரண்ட்ஸ் எல்லாரும் இருப்பாங்க. ரெண்டு தடவ தொட்டா போதும், போயிரும்."

மொட்டை மாடியும் மார்கழிப் பனியும் எனக்கு அப்படியே திரும்பி வந்தன. இந்த முறை உண்மையிலேயே வெட்டலாம், இரண்டு தடவை தொட்டால் போதும். வெட்டச் சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. தலைமையாசிரியர் முன்னால், பெற்றோர் முன்னால், அந்த வாக்கியம் யார் வாயிலிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது என்னுடைய முடிவு இல்லை என்று தோன்றியது. சிவபெருமானைக் கூப்பிட்டேன். வகுப்பு முன்னால் கேட்கவில்லை, தனியாகக் கூப்பிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கேட்டேன். "தம்பி, ஜூன் மாசம் நான் சொன்னது தப்பு. அந்த வசனம் இருக்கணுமா, வேண்டாமா? நீ சொல்றதுதான்."

அவன் கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறினான். பிறகு சொன்னான்: "இருக்கட்டும்யா. ஆனா நெத்திக்கண்ணத் தொறக்குற சீன் ரொம்பச் சின்னதா இருக்கு. அத இன்னும் பெருசா வேணும்."

எடுத்தோம். மறுநாள் காலை இடைவேளையில் நக்கீரரை இரண்டு கோணத்தில் எரித்தோம். சாம்பிராணி என் வீட்டிலிருந்து கொண்டு போனது.

ஆண்டு விழாவில் ஓடியபோது மேடைக்குக் கீழே நின்று பார்த்தேன். லீவ் வசனத்துக்குக் கூட்டம் சிரித்தது, பலர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காது சூடாக இருந்தது. பேராசிரியர் சொன்ன இரண்டாம் வகை அவ்வளவு சுலபமாக வந்துவிடுவதில்லை. அந்தப் பையனுக்கு ழகரம் இன்னும் வரவில்லை. ஆனால் வாசிக்கிறான். 'மளை' என்று வாசித்துவிட்டு, தானே நின்று, என்னைப் பார்த்து நெற்றியில் விரலை வைக்கிறான், எரித்துவிடுவேன் என்பது போல. வகுப்பு நடந்து கொண்டிருக்கிறது.

உங்கள் வகுப்பில் எடுப்பதாக இருந்தால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கேமரா, வெளிச்சம், செயலி எல்லாம் பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும், அதில் நாம் தலையிட வேண்டாம். யாரைப் பார்த்துச் சிரிக்கப் போகிறோமோ, அவரிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கூட்டத்துக்கு நடுவில் கேட்டால் யாராக இருந்தாலும் "நல்லாருக்கு" என்றுதான் சொல்வார்கள்.

ஆண்டு விழா முடிந்த இரவு, மதுரைத் தருமியை அழைத்தேன். பிள்ளைகளின் படத்தில் என்ன இருந்தது என்று சொன்னேன், மாடியில் நான் சொன்னது பொய் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு சொன்னான்: "தெரியும்டா. அந்தக் கேமராவ நானும்தானே தூக்குனேன்." இன்னும் கொஞ்ச நேரம் கழித்து: "எங்கப்பா சாகுற வரைக்கும் ஊர்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டு இருந்தாரு, என் லெட்டரு சினிமால வந்துச்சுன்னு. அவருக்கு அது பெருமடா. எனக்குத்தான் சிரிப்பு வரல." அதற்கு மேல் பேசாமல், "கேசட் இருக்கா?" என்று மட்டும் கேட்டான்.

இருக்கிறது. பரணில் பாலித்தீன் பையில் இருந்தது. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருக்கிறது. மதுரையில் ஒரு கடையில் சுத்தம் செய்து பென் டிரைவில் ஏற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், முழுக்க வரும் என்று உறுதி சொல்ல முடியாதாம். மே விடுமுறையில் தருமி வருகிறான். இரண்டு பேரும் சேர்ந்து கடைக்குப் போகிறோம். அந்த இருபது நொடி பிழைத்திருந்தால் வைப்பதா வெட்டுவதா என்று அவன்தான் சொல்ல வேண்டும். ரசம் பிசைகிற பெரியவரை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டக் கூடாது என்று இப்போதே சொல்லிவிட்டான்.

தேநீர் வந்துவிட்டது போலிருக்கிறது, பின் வரிசையை எழுப்பிவிடுங்கள்.